முன்சக்கரத்தில் மாட்டிய புது டயர்கள்

1

எங்கள் ஊரான பேட்டையில் டயர்ப் பட்டறைகளில் வேலை பார்க்கும் அன்பர்களும், ஒரு காலத்தில் பார்த்து இப்போது வீட்டோடு இருப்பவர்களும் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன். நான் பள்ளியில் அதிகம் படித்தவன் அல்லன். பட்டறையில் மதிய இடைவேளைகளில் செய்தித்தாளையும் நூலகப் புத்தகங்களையும் வாசித்துச் சேர்த்துக்கொண்ட தமிழே என்னிடம் உள்ளது. பிழை தென்பட்டால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

நான் இப்போது வசிப்பது கனடா நாட்டின் அல்பெர்ட்டா மாகாணத்தில், சமவெளியில் அமைந்த ஒரு சிற்றூர். என் ஒரே மகன் காதர் இங்கே ஓர் எண்ணெய் வயலில் இயந்திரப் பொறியாளனாக இருக்கிறான். பதினான்கு நாள் வேலைத்தளத்திலும் பதினான்கு நாள் வீட்டிலும் அவன் இருப்பது வழக்கம். அவன் அழைத்ததன் பேரில் நானும் என் மனைவி பாத்திமாவும் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்தோம். சும்மா இருக்க இயலாமல் இரண்டாம் ஆண்டில் ஒரு வேலை தேடிக்கொண்டேன். நகரத்தில் உள்ள ஹலால் இறைச்சிக்கடை ஒன்றுக்குப் பண்ணைகளிலிருந்து ஆடு ஏற்றி வருவது என் வேலை. அதற்காக மகன் ஒரு பழைய கனரகப் பிக்கப் வண்டியை வாங்கித் தந்தான். முன்னால் மனிதர் அமரும் அறையும் பின்னால் திறந்த தொட்டியும் உடைய வண்டி. நம் ஊர்ச் சிறு லாரி இழுக்கும் சுமையை அது இழுக்கும்.

ஆடு ஏற்றும் நாள் வியாழன். வியாழன்தோறும் பாத்திமாவும் உடன் வருவாள். வீட்டில் தனியே இருந்தால் சுவர் தன்னை உற்றுப் பார்ப்பதாகச் சொல்வாள்.

சென்ற நவம்பரில் ஒரு வியாழனன்று பண்ணைக்குப் போகும் வழியில், சுமையில்லாத வண்டி ஒரு வளைவில் பின்பக்கம் வழுக்கி, சாலையோரப் பள்ளத்தில் இறங்கியது. வண்டிக்குப் பெரிய சேதம் இல்லை. பாத்திமாவின் தலை கதவுத் தூணில் இடித்தது. அவள் இதய நோய்க்காக இரத்தத்தை இளக்கும் மாத்திரை உட்கொண்டு வந்தவள். ஆம்புலன்ஸ் வந்து சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. தலைக்குள் இரத்தம் கசிந்து, அன்று மாலை மருத்துவமனையில் அவள் காலமானாள்.

அந்த வளைவில் வண்டி வழுக்கியதற்குப் பனி ஒரு காரணம். டயர் மற்றொரு காரணம். டயர்களை அவ்வாறு மாட்டியவன் நான். இதனை மகனிடம் நான் சொல்லியாக வேண்டியிருந்தது. பதினொரு மாதங்களாகச் சொல்லவில்லை. சொன்ன நாள் எவ்வாறு வந்தது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

2

பேட்டைத் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்தது ஒரு ரீட்ரெடிங் பட்டறை. தேய்ந்த டயரின் மேற்பரப்பைச் சீவி, புதிய ரப்பர்ப் பட்டையை ஒட்டி, பெரிய கலத்தில் அடைத்து வேகவைத்து எடுப்போம். அப்படி எடுத்ததை எல்லோரும் ரீசோல் டயர் என்பார்கள். டயரின் மேல் மேடும் பள்ளமுமாக இருக்கும் பகுதியைப் பட்டன் என்போம். பட்டன் தேய்ந்துவிட்டால் அது மொட்டை. மொட்டையைக் கொண்டுவந்து பட்டனோடு வாங்கிச் செல்வார்கள். அம்பாசமுத்திரம் பக்கத்து நெல் லாரிகளும், ஏரல் பக்கத்து வாழைத்தார் லாரிகளும் எங்களிடம் வரும்.

அந்நாளில் எங்கள் பட்டறைக்கு வாடிக்கையாக வந்தவர் முத்தையா அண்ணாச்சி என்னும் லாரி உரிமையாளர். ஐந்து லாரிகள் அவருக்கு ஓடின. அவரே வந்து, தம் வண்டிகளுக்குச் சக்கரம் மாட்டும் வரையில் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருப்பார். நான் வேலையில் சேர்ந்த மாதத்தில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏலே, புது டயர எங்கன மாட்டணும்?"

"முன்னாடி அண்ணாச்சி."

"ரீசோல் போட்டத?"

"பின்னாடி."

"மாத்திக் கீத்திப் போட்டேன்னு வையி, ஒன் கல்யாணத்துக்கு வரமாட்டேன் பாத்துக்க. மய்யித்துக்குத்தான் வருவேன்."

சாவுக்கு எங்கள் வீட்டில் சொல்லும் சொல்லை அவர் சொன்னதும் பட்டறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவருடைய தம்பி ஓட்டிய லாரியில் முன்டயர் வெடித்து, ஸ்டியரிங் கையை மீறிப் போய், வண்டி ஆற்றுப்பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றதாம். தம்பிக்கு ஒரு கால் போயிற்று. இது பிற்பாடு எனக்குத் தெரிய வந்தது.

அந்த விதியின் நியாயம் தொழில் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லாரியின் பின்பக்கம் ஒவ்வொரு புறமும் இரட்டைச் சக்கரம். ஒன்று வெடித்தால் மற்றொன்று தாங்கும். முன்பக்கமோ ஒற்றைச் சக்கரம். அதுவே திசை திருப்புவதும். அதனால் நல்லது முன்னால், ஆகாதது பின்னால். இந்த விதியைப் பேட்டையில் பத்தொன்பது ஆண்டுகளும், பின்னர் சவூதியில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் முகாமில் பத்தொன்பது ஆண்டுகளும் கடைப்பிடித்தேன். ஒரு நாளும் பிசகியதில்லை. என் பெயரை மறந்தவர்கள்கூட, சக்கரம் சரியாக மாட்டுகிற ஆள் என்று என்னைச் சொல்வார்கள்.

3

சென்ற ஆண்டு செப்டம்பரில், நான் ஆடு வாங்கும் பண்ணைக்காரர் தம் வண்டியை விற்றுவிட்டு, அதில் மிகுந்த இரண்டு டயர்களை ரிம்மோடு எனக்குத் தந்தார். ஏறக்குறைய புதியவை. எவ்வகை நிலத்திலும் ஓடக்கூடிய, ஆழமான பட்டன் உள்ள, பத்து அடுக்கு வலிமையுடைய டயர்கள். இங்கே மண்சாலையும் சரளைச்சாலையும் மிகுதி. இத்தகைய டயர்களைத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள்.

மகன் வேலைத்தளத்தில் இருந்தான். அவன் வரும்வரை காத்திருந்தால் கடைக்குக் கொண்டு போயிருப்பான். எனக்கு அது தேவை என்று தோன்றவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒரு பகல் வேளையில் நானே மாட்டினேன். பாத்திமா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் இருந்தவற்றைக் கழற்றி ஓரமாக வைத்தேன். புதியவை இரண்டையும் முன்னால் மாட்டினேன். பின்னால் இருந்தவை தேய்ந்தவை. ஆயினும் மொட்டை அல்ல. அவற்றை அப்படியே விட்டேன். ஒரு கணமும் யோசிக்கவில்லை.

பிக்கப் வண்டிக்குப் பின்னால் இரட்டைச் சக்கரம் இல்லை. சுமை ஏற்றாத நேரத்தில் அதன் பின்பகுதி காகிதம்போல் எடையற்றது. எடை முழுவதும் முன்னால் உள்ள எஞ்சினில். பனி படிந்த வளைவில் முன்சக்கரம் பிடித்துக்கொள்ளும், பின்சக்கரம் விட்டுவிடும். வண்டி தன்னைத் தானே சுற்றும். இதனை இந்நாட்டில் ஓட்டுநர் பயிற்சிக்குப் போகும் பதினாறு வயதுப் பெண்ணும் அறிவாள். நான் இதனை விபத்துக்குப் பின்னர் அறிந்தேன்.

பின்னர் படிவங்கள் வந்தன. ஒரே படிவத்தில் ஓட்டுநர் என்று ஓரிடத்திலும், இறந்தவரின் கணவர் என்று வேறோரிடத்திலும் நான் கையெழுத்து இட்டேன். மேசைக்கு அப்பால் இருந்த அதிகாரி கையெழுத்துகள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரே மாதிரி இருக்கின்றன என்று திருப்தியுடன் தலையசைத்தார்.

ஆறு வாரம் கழித்து வண்டியைச் சோதித்த ஆய்வாளரின் அறிக்கை வந்தது. மூன்று பக்கம். மகன் அதனைச் சமையலறை மேசையில் வைத்துத் தமிழில் வாசித்துச் சொன்னான். சாலையில் மெல்லிய பனி, வேகம் வரம்புக்குள், பிரேக் சரியாக இருந்தது, ஓட்டுநர்மீது குற்றம் ஏதும் பதிவு செய்யப்படவில்லை என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்தான்.

"அவ்வளவுதான் வாப்பா. ஒங்க மேல ஒண்ணும் இல்ல."

நான் ஆங்கிலம் பேசுவது குறைவு. வாசிப்பது நிதானம். ஆயினும் டயர் சம்பந்தமான ஆங்கிலச் சொல் எதுவும் எனக்குப் புதிதன்று. அவன் வேலைத்தளத்துக்குச் சென்ற பின்னர், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அவ்வறிக்கையை வாசித்தேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வாக்கியம் இருந்தது. முன்சக்கரங்களில் புதிய டயரும் பின்சக்கரங்களில் தேய்ந்த டயரும் இருந்தன, கட்டுப்பாடு இழந்ததற்கு அது காரணமாயிருக்கக்கூடும் என்பது அதன் பொருள். அதனை மகன் வாசிக்கவில்லை.

அவசரத்தில் விட்டிருப்பான் என்று எண்ணிக்கொண்டேன். அவ்வாறு எண்ணுவது எனக்கு வசதியாக இருந்தது.

4

இந்தப் பதினொரு மாதங்களில் நான் செய்தது இவ்வளவுதான். காலையில் எழுந்தேன், தொழுதேன், தேநீர் போட்டேன். இரண்டு குவளை எடுத்து ஒன்றைத் திரும்ப வைக்கும் வழக்கம் ஏப்ரல் மாதத்தோடு நின்றுவிட்டது. அழுகை வரவில்லை. பல் பிடுங்குமுன் ஊசி போட்டால் தாடை தன்னுடையதாக இல்லாமற் போகுமல்லவா, அவ்வாறு இருந்தது. பேரப்பிள்ளைகள் இருவரும் வந்து பக்கத்தில் உட்காருவார்கள். நான் தமிழில் கேட்பேன், அவர்கள் ஆங்கிலத்தில் விடை சொல்வார்கள், பிறகு கைப்பேசியைப் பார்ப்பார்கள். எனக்கு அதில் வருத்தமும் தோன்றவில்லை.

வண்டி கொட்டகையில் நின்றது. இறைச்சிக்கடைக்காரர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

பிறைக் கணக்கில் ஆண்டு நிறைவு பதினொரு நாள் முந்தி வரும். செப்டம்பர் இறுதியில் நாளைக் கணித்து மகனிடம் சொன்னேன். வருஷ பாத்திஹா ஓத வேண்டும், நாற்பது பேருக்காவது சோறு போட வேண்டும், அதற்கு ஆடு கொண்டுவர வேண்டும் என்றேன்.

"அதெல்லாம் இப்ப யாரு வாப்பா ஓதுதா? ஊர்லயே பாதிப் பேரு விட்டுட்டாவ. மார்க்கத்துல இல்லேங்காவ."

"ஒங்க உம்மா விடலயே. அவ வாப்பாக்கு வருஷம் தவறாம ஓதுனாள்லா?"

அவன் சன்னல் வழியே கொட்டகையைப் பார்த்தான். பிறகு, "சரி, ஓதுவோம். வண்டிய வெளிய எடுக்கணும்னா டயர் மாத்தணும். எல்லாம் நின்ன எடத்துலயே சப்பிப் போய்க் கெடக்கு. வேண்டாம்னா வித்துருவோம். நீங்கதான் சொல்லணும்" என்றான்.

"மாத்துவோம்" என்றேன்.

மறுநாள் பேட்டையிலிருந்து மீரான் பேசினார். மீரானும் நானும் ஒரே பட்டறையில் ஒரே கலத்தின் முன் வெந்தவர்கள். மாதம் ஒரு முறை தொலைபேசியில் பேசுவது வழக்கம்.

"என்ன வே, சத்தத்தையே காணோம்? ஊர மறந்தாச்சா?"

"நாளைக்கு வண்டிக்கு டயர் பாக்கப் போறேன் வே."

"இங்கன இருந்தப்பவும் டயரு, அங்கன போயும் டயரா? ஒம்ம கபுருக்குள்ள ரெண்டு டயரப் போட்டுத்தான் மூடணும். எத்தன தேஞ்சிருக்கு?"

"பின்னாடி ரெண்டும். முன்னாடி கெடக்கது நல்லாத்தான் இருக்கு."

"அப்ப என்ன யோசன? புதுசு ரெண்டு வாங்கி முன்னாடி மாட்டும். முன்னாடி கெடக்கதப் பின்னாடி தள்ளும். சோலி முடிஞ்சுது. இதுக்குப் போயி நாலு டயரு வாங்குனீர்னா பேட்டைக்காரன்னு வெளிய சொல்லிராதீரும்."

நான் "ம்" என்றேன். வேறு பேச்சுக்கு மாறினார். ஆற்றில் தண்ணீர் அளவாகப் போகிறது என்றும், பாளையங்கோட்டையில் பேரனைக் கல்லூரியில் சேர்த்துவிட்டதாகவும் சொன்னார்.

மீரான் சொன்னதில் தவறில்லை. பேட்டையில் எவரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். நானும் சொல்லியிருப்பேன். அவரிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்; மகனுக்கு முன்னால் வேறொருவரிடம் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

5

டயர்களில் காற்றடித்துவிட்டு, டயர்க்கடைக்கு மகனே வண்டியை ஓட்டினான். சாலை காய்ந்திருந்தது, மெதுவாகப் போனான். அவள் அமரும் இருக்கையில் நான் அமர்ந்தேன். ஏழு ஆண்டுகளில் அங்கே அமர்ந்தது அதுவே முதல் தடவை. அங்கிருந்து பார்க்கையில் பள்ளம் மிக அருகில் தெரிகிறது.

கடையில் எங்களைக் கவனித்தவர் டானா என்னும் நடுத்தர வயதுப் பெண்மணி. வரிசையாக மூன்று டயர்களை உருட்டி வந்து என் முன்னால் நிறுத்தினார். நம் ஊரில் வாடிக்கையாளருக்கு நாற்காலி போட்டுவிட்டு டயரைக் காட்டுவோம். இங்கே டயருக்கு நிறுத்துமிடம் இருக்கிறது, மனிதர் நிற்க வேண்டும்.

முதல் டயரின் பட்டன்கள் பெரியவை, இடைவெளியும் பெரிது. சேற்றில் நன்றாக இழுக்கும், தார்ச்சாலையில் இரையும், பனிக்கட்டியில் பிடிமானம் குறைவு. இரண்டாவதில் பட்டன்கள் நெருக்கமாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பிளேடால் கீறியதுபோல் மெல்லிய கோடுகள். பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் ஒரு பனிப்பூவும் அச்சிடப்பட்டிருந்தன. கடும்பனியில் ஓட்டிச் சோதித்து ஒப்புதல் பெற்ற டயர் என்பதற்கு அது அடையாளம். மூன்றாவது பார்வைக்கு இரண்டாவதைப் போலவே இருந்தது. மலை அடையாளம் மட்டும் இல்லை.

மூன்றிலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் பார்த்தேன். டயர் எந்த ஆண்டில், எந்த வாரத்தில் வெந்தது என்பதை அவை சொல்லும். பிறகு பட்டனில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன். மூன்றாவதில் நகம் இறங்கவில்லை. குளிரில் அது மரக்கட்டையாகிவிடும். இரண்டாவதில் இறங்கி, எடுத்ததும் தடம் மெல்ல மறைந்தது.

டானா பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வேலையை நீங்கள் முன்பே செய்திருக்கிறீர்கள்" என்றார். முப்பத்தெட்டு ஆண்டு என்றேன். அப்படியானால் தாம் வீட்டுக்குப் போய்விடலாம் என்று சிரித்தார். ஸ்டெப்னியிலும் காற்றைப் பார்க்கச் சொன்னேன். ஸ்டெபனிக்கு இன்று விடுமுறை, காற்றை வேறு ஆள் பார்ப்பார் என்றார். இந்த நாட்டில் மாற்றுச் சக்கரத்துக்கு அப்பெயர் இல்லை என்பதை நான் எப்போதும் மறந்துவிடுகிறேன். மகன் விளக்கிச் சொன்னான்; அவன் சிரிக்கவில்லை.

இரண்டாவதையே கேட்டேன். டானா வெளியே சென்று, குனிந்து நான்கு சக்கரங்களிலும் பட்டனின் ஆழத்தை அளந்துவிட்டு வந்தார்.

"முன்னால் இருப்பவை இரண்டும் இன்னும் இரண்டு குளிர்காலம் ஓடும். உங்களுக்குத் தேவை இரண்டுதான். ஆனால் இரண்டு மட்டும் வாங்கினால் நாங்கள் பின்னால்தான் மாட்டுவோம். அது எங்கள் விதி" என்றார். அவர் தலைக்கு மேலே சுவரில் அந்த விதி பலகையாக எழுதித் தொங்கியது.

"நாலு போடுங்கள்" என்று மகன் ஆங்கிலத்தில் குறுக்கிட்டான்.

"தேவையில்லையே. முன்னால் உள்ளவை நல்ல டயர்கள்." டானா தம் தாளைப் பார்த்தார். "விநோதமாக இருக்கிறது. நல்லதை முன்னால் மாட்டி, தேய்ந்ததைப் பின்னால் விட்டிருக்கிறார்கள். இந்த ஊர்ச் சாலையில் இப்படி யார் மாட்டியது?"

அவர் குற்றமாகக் கேட்கவில்லை. தொழில்காரரின் ஆவலில் கேட்டார். நானும் அவ்வாறு கேட்டிருப்பேன். வாய் திறந்தேன். அதற்குள் மகன் சொல்லிவிட்டான்.

"வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது. நாலையும் மாற்றிவிடுங்கள்."

அந்த வண்டியை வாங்கியது ஏழு ஆண்டுகளுக்கு முன். அந்த டயர்கள் வந்தது சென்ற ஆண்டு. என் மகன் பொய் பேசி நான் கேட்டதில்லை. பாளையங்கோட்டையில் படித்த நாளில், வகுப்புக்குப் போகாமல் ஊர் சுற்றிய நாளையும் அவனே வந்து சொல்லிவிடுவான். அறிக்கையின் அந்த வாக்கியத்தை அவன் அவசரத்தில் விடவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கியது.

6

டயர் மாற்ற ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். காத்திருப்போருக்காக ஒரு நீண்ட இருக்கை இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் வண்டியைத் தூக்கி நிறுத்தி, காற்றுத்துப்பாக்கியால் நட்டுகளைக் கழற்றினார்கள். மகன் கைப்பேசியை எடுத்தான், திரை இருண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காதரு" என்றேன். "அந்த ரெண்டையும் முன்னாடி மாட்டுனது நான்."

"தெரியும் வாப்பா."

"நம்ம ஊரு வழக்கத்துல மாட்டிட்டேன். யோசிக்கல."

"தெரியும். விடுங்க."

"அந்த ஆபீசர் எழுதியிருந்ததையும் வாசிச்சேன். ரெண்டாம் பக்கத்துல இருந்ததை."

அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். பதினொரு மாதத்தில் அவன் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றியது.

"எப்ப வாசிச்சிய?"

"நீ வேலைக்குப் போன வாரத்துல. டிக்சனரி வச்சு."

"அப்ப அன்னைக்கு இருந்தே ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஆமா."

கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் முன்சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டு போனார். நான் அதனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் வாப்பா" என்றான். "ஒங்களுக்குத் தெரியாதுன்னுல்லா இருந்தேன். உம்மா போனதுல எனக்கு இருந்த ஒரே நிம்மதி அதுதான். வாப்பாக்காவது தெரியாம இருக்கட்டும்னு. வீட்டுல அந்தப் பேச்சே வரவிடாமப் பாத்துக்கிட்டேன். பிள்ளையள்ட்ட கூட, தாத்தாட்ட வண்டியப் பத்திக் கேக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன்."

மன்னித்துவிடு என்று எனக்குச் சொல்ல வரவில்லை. அத்தகைய சொற்கள் இருக்கும் இடம் எனக்குள் அடைபட்டிருந்தது. சொன்னால் பாரம் இறங்கும் என்று நான் எண்ணியிருந்தேன். என் பாரம் இறங்கவில்லை. அவன் எனக்காகச் சுமந்த ஒன்று வீணாயிற்று. அவ்வளவே நிகழ்ந்தது.

டானா வந்து ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார். மகன் இட்டான். அவர் போன பிறகு, அவன் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அந்த நாப்பது நிமிசம் உம்மா முழிச்சிட்டா இருந்தா?"

இதுநாள் வரை அவன் இதனைக் கேட்டதில்லை. கேட்டால் டயர்ப் பேச்சு வந்துவிடும் என்று அஞ்சியிருக்கிறான். இப்போது அஞ்ச வேண்டியது எதுவும் மிச்சமில்லை.

"முழிச்சிட்டுத்தான் இருந்தா. பேசிட்டு இருந்தா."

"என்ன பேசுனா?"

நான் நினைவுகூர்ந்து சொன்னேன். வண்டி சாய்ந்து நின்றது. பள்ளத்துக்கு அப்பால் கம்பி வேலி. வேலிக்குள் மாடுகள் பத்துப் பன்னிரண்டு வந்து வரிசையாக நின்று, வாயிலிருந்து ஆவி பறக்க எங்களையே பார்த்தன. பாத்திமா நெற்றியைக் கைக்குட்டையால் அழுத்திப் பிடித்திருந்தாள். இரத்தம் அதிகமில்லை, ஒன்றும் இல்லை என்றே இருவரும் எண்ணினோம். இந்நாட்டில் மாடுகளின் காதில் இலக்கமிட்ட மஞ்சள் அட்டை மாட்டியிருப்பார்கள். இங்கே வசிக்க அரசு தரும் அவளுடைய வசிப்பு அட்டையோ புதுப்பிக்கப் போய் எட்டு மாதமாகத் திரும்பி வரவில்லை. அவள் அந்த மாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பாத்துட்டு என்ன சொன்னா?"

"'இஞ்சாருங்க, இந்த ஊர்ல மாட்டுக்கெல்லாம் காதுலயே கார்டு குடுத்துட்டான். எனக்குத்தான் இன்னும் அனுப்பல. நானும் வேலிக்குள்ள போயி அதுங்களோட நின்னுக்கிடட்டுமா'ன்னா."

மகன் சிரித்தான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே வேறொன்றாக மாறிற்று. டானா தம் மேசையிலிருந்து எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவன் முதுகில் கை வைத்தேன். எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றான்.

சொன்னேன்.